எலி என்று ஐயா சொல்கிறார்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சம்பளம் ஒழுங்காக வருகிறது, முதலாளி தோளில் தட்டிக்கொடுக்கிறார். வேறென்ன வேண்டும் உனக்கு.

அக்கா ஏன் ஃபோனை எடுப்பதில்லை என்று உன் மாமாவிடம் கேட்டாயாம். உன் குரலைக் கேட்டால் எனக்குக் குமட்டுகிறது. அதுதான் காரணம், மென்று விழுங்க ஒன்றுமில்லை. அந்தக் குரலில் யார் பேசுகிறார்கள், நீயா அவரா என்று எனக்கு இப்போதெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. கையெழுத்தாவது உன்னுடையது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது, படிக்கிறேன்.

நீ மறந்திருக்கலாம் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். ரொட்டி ஃபேக்டரியில் அத்தனை பேரையும் அடுப்புகளுக்கு முன்னால் நிற்கவைத்து முதலாளி இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். நீ அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவர் மூச்சு வாங்கியதும் உன் வாய் திறந்தது. "சாப்பாட்டு டப்பால எலியை வச்சுக் கொண்டுவந்து மாவு ரூம்ல போட்டது இந்தம்மாதான்னு ஐயா சொல்றாரு. இன்னையிலேருந்து இந்தம்மாவுக்கு வேலை இல்லைன்னு ஐயா சொல்றாரு."

இந்தம்மா. சின்ன வயதில் உனக்குச் சளி பிடித்தால் மூக்கைச் சிந்திவிட்ட கை இது. மாவு பிசையும் பகுதிக்கு நான் பொறுப்பு என்பதால்தான் உன்னை முதலாளியிடம் கூட்டிப்போய், "இவன் இங்கிலீஷ் படிச்சவன், நீங்க சொல்றதை எங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல" என்று சேர்த்துவிட முடிந்தது. அந்த இந்தம்மாதான் நான்.

கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு உன் மாமாவின் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறோம். முன்னறையில் ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் எங்கள் கட்டிலில்தான் உட்காருகிறார்கள். இந்த ஊரில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை கேட்டேன். எல்லாம் பேசி முடித்தபிறகு கடைக்காரர், "அந்த எலி டப்பா விஷயம், அது நீங்கதானா?" என்றார். இந்த வேலையில் இனி எங்கே போனாலும் எனக்கு முன்னால் அந்த டப்பா போய் நிற்கும். அதில் சாப்பிடவும் முடியவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தேன்.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ திட்டினால் திட்டு, அந்த உரிமை உனக்கு உண்டு. ஆனால் நடந்தது என்ன என்று கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

"இந்தம்மா" என்றது என் வாய், பேச்சு என்னுடையது இல்லை. அவர் "திஸ் உமன்" என்றார். அதை "என் அக்கா" என்று நான் சொல்லியிருந்தால் அது தப்பான மொழிபெயர்ப்பு. மொழிபெயர்க்கிறவன் நடுவில் நுழையக்கூடாது. அதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.

தப்பான மொழிபெயர்ப்பால்தானே அக்கா இத்தனையும் வந்தது. உன்னை அனுப்புவதற்குக் கொஞ்சநாள் முன்னால் முதலாளி எல்லாரையும் கூட்டி, மாவு மூட்டை குறைகிறது, மாவு அறையில் ஏதோ சரியில்லை என்றவர், கடைசியில் "ஐ ஸ்மெல் எ ரேட்" என்றார். நான் வார்த்தைக்கு வார்த்தை, "எலி நாத்தம் அடிக்குதுன்னு ஐயா சொல்றாரு" என்றேன். பின்னால் நின்ற பேக்கிங் பெண்கள் ரொட்டி ரேட் ஏறப்போகிறது என்று நினைத்தார்களாம், அது வேறு கதை. இங்கிலீஷில் அப்படிச் சொன்னால் எலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் திருட்டைச் சொன்னார். நான் எலியைச் சொன்னேன். நீ "சரி, பாத்துடலாம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

எனக்கு அந்தச் சொற்றொடர் அன்று தெரியாது. தெரிந்திருந்தால் நீ அந்த மூட்டைகளை நகர்த்தியிருக்க மாட்டாய். உணவு ஆய்வாளருக்குப் புகார் போயிருக்காது. இன்றைக்கும் உன் வேலையும் வீடும் அப்படியே இருந்திருக்கும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யூ டிராப்ட் த பால்" என்றார். பந்தைக் கோட்டைவிட்டாய், அதாவது காரியத்தைக் கெடுத்தாய் என்று பொருள். இப்போது நான் தினமும் இந்த மாதிரிச் சொற்றொடர்களை உட்கார்ந்து படிக்கிறேன். நாய், பூனை, குதிரை, பந்து, கோல் இல்லாமல் அவர்களுக்கு ஒரு விஷயம் பேச வராது போலிருக்கிறது. இருட்டுக் குதிரை என்றால் யாரும் எதிர்பாராத ஆள். கறுப்பு ஆடு என்றால் குடும்பத்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிறவன்.

உன் தம்பி பெண்டாட்டிக்கு மாதம் நெருங்கிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தம்பி

*

பிப்ரவரி 18

தம்பிக்கு,

உன் வருத்தம் எதற்கு என்று நன்றாகப் புரிந்துவிட்டது. எலி இருந்ததற்கு இல்லை, நான் பார்த்ததற்கு.

நீ வாசல்படியிலேயே நின்றுவிட்டாய், கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு. உள்ளே என்ன இருந்தது என்று கேள். பின்சுவரோடு அடுக்கியிருந்த மூட்டைகளை நகர்த்தினோம். அடிவரிசைச் சாக்குகள் எல்லாம் கிழிந்து, மாவு ஈரத்தில் கட்டிபிடித்து மஞ்சளாகக் கிடந்தது. அதற்குள் சாக்கு நாரைக் கடித்துப் பிரித்துக் கூடு கட்டியிருந்தன. ரோமம் முளைக்காத குஞ்சுகள், கண் திறக்காதவை, ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. மூட்டைக்கடியில் நசுங்கிச் செத்த பெரியது ஒன்று சாக்கோடு ஒட்டிக்கொண்டு உரிக்க உரிக்க வரவில்லை. கறுப்புக் கறுப்பாகப் புழுக்கை மாவு முழுக்க. அந்த அறையிலிருந்துதானே அன்று காலையில் நான் மாவு எடுத்துப் பிசைந்தேன். முழங்கைவரை அந்த மாவுக்குள் விட்ட கை. என் கையை வெட்டி எறிந்துவிடலாமா என்றிருந்தது.

உன் முதலாளி தேடிய மாவுத் திருடனும் அங்கேதான் இருந்தான், குடும்பத்தோடு. அந்த வகையில் நீ சொன்ன மொழிபெயர்ப்பில் ஒரு தப்பும் இல்லை. உனக்கு இங்கிலீஷ் தெரியாமல்போனதால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அப்புறம் அவர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு உன்னிடம் ஏதோ சொன்னார். நீ எங்களிடம், "மேல உள்ளதைச் சலிச்சு எடுத்துக்கணுமாம். எல்லாரும் ஒத்துழைக்கணும்னு ஐயா சொல்றாரு" என்றாய். எனக்கு முழு இங்கிலீஷ் தெரியாது, ஒற்றைச் சொல் காதில் விழும். நடுவில் பால் என்று கேட்டது. எலிப் புழுக்கையைச் சலித்துவிட்டு அதில் பாலையும் ஊற்றச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். நான் முடியாது என்று சல்லடையைக் கீழே போட்டேன். மற்றவர்கள் சலித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் வீட்டில் அவரவர் பாடு. ஆனால் அன்றைக்கும் ரொட்டி வெந்தது, வேன் கிளம்பியது.

உணவு ஆய்வாளர் அம்மாவிடம் நான் அன்றைக்கே இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் அறையைக் கழுவிவிட்டார்கள். இனி முதலாளியை விசாரிக்கப் போகிறார்களாம். அவர் இங்கிலீஷில் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்லப்போவது நீதான். என்ன சொல்லப்போகிறாய்? எனக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் போதும். குதிரைக்கும் ஆட்டுக்கும் அர்த்தம் எழுதி அனுப்பாதே.

அக்கா

*

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்று உன் காதில் பால் என்று விழுந்தது "ப்ளே பால்". பந்து விளையாடு என்று தோன்றும். சொன்னபடி கேட்டு ஒத்துப்போ என்று அர்த்தம். பசும்பால் இல்லை. அதை நான் சரியாகத்தான் சொன்னேன்.

மாவு அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. தரையில் புது ஓடு. சலித்த மாவைப் புதுச் சாக்குகளில் கட்டி அங்கேயே அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே போனால் பெயின்ட் வாசனைதான் மூக்கில் ஏறுகிறது. அந்த வாசனைக்கடியில் இன்னொன்று இருப்பதுபோல எனக்கு மட்டும் தோன்றுகிறது. மனப்பிரமையாக இருக்கும்.

விசாரணையில் நான் என்ன சொல்வேன் என்று கேட்டாய். நான் சாட்சி இல்லை அக்கா. அவர் சொல்வதை அவர்களுக்கும், அவர்கள் கேட்பதை இவருக்கும் சொல்லப்போகிறேன், அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி நிற்கவேண்டும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கோபப்படாமல் படி. முதலாளி நேற்று நல்லவிதமாகப் பேசினார். நீ ஆய்வாளரிடம் போய், "நான் அவசரத்துல ஏதோ உளறிட்டேன், எலியை என் கண்ணால பாக்கலை" என்று சொல்லிவிட்டால் உன்னை பன் போடும் பகுதியில் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம். வீடும் திரும்பக் கிடைக்கும். நீ புகார் கொடுத்தது சேம்சைடு கோலாம், சொந்த வலைக்குள் நாமே பந்தை அடிப்பது. இன்னும் ஆட்டம் முடியவில்லை, திருத்திக்கொள்ளலாம் என்கிறார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரு "ஸ்கேப்கோட்" தேவைப்பட்டது. நம் பலிகடாதான், அவர்களுக்கும் அதற்கு ஆடுதானாம். தப்பாக மொழிபெயர்த்தவனை அனுப்புவதா, மூட்டையை நகர்த்தினவளை அனுப்புவதா என்று என்னிடமே கேட்டார். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், உன் பேரை நான் சொல்லவில்லை. என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

என் பேரை நீ சொல்லவில்லை. இரண்டு பேர் நிற்கும்போது ஒருவன் நகர்ந்துகொண்டால் போதும், பேர் எதற்கு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையைக் கழுவினேன். உன் மாமா பார்த்துவிட்டு, "என்ன, திரும்பவுமா?" என்றார். ஆமாம், திரும்பவும்தான். சோப்பு போட்டு.

சின்ன வயதில் உன்னைக் கிளி என்று கூப்பிடுவோமே, யார் என்ன சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்வாய் என்று. ஊரே சிரிக்கும், நானும் சிரித்தேன். அப்போதே வாயில் ஒன்று போட்டிருக்கவேண்டும்.

பன் போடும் பகுதியும் வேண்டாம், அவர் வீடும் வேண்டாம். நான் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு எந்த மொழியும் தெரியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? பெரிய ஆஸ்பத்திரி என்றால், காலையில் அங்கே வார்டில் கொடுக்கும் ரொட்டி எந்த வேனில் வந்து இறங்குகிறது என்று டிரைவரிடம் கேட்டுக்கொள்.

அக்கா

*

மார்ச் 8

அக்கா,

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிதான்.

டிரைவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. காலையில் வார்டுக்குப் போனேன். வராந்தாவில் நம் நீலத் தட்டுகள் அடுக்கியிருந்தன. உனக்குத் தெரியும், ஓரத்தில் நெளிந்தவை, கம்பெனி முத்திரை போட்டவை. உள்ளே அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டித் துண்டை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அதைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளை பெற்ற உடம்பு, ராத்திரி முழுக்கக் கத்திக் களைத்தவள், என்னை அப்படிப் பார்த்தாள். "எதுக்குங்க? நல்லாத்தானே இருக்கு?" என்றாள். துண்டைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக, மெத்தென்று, நல்லாத்தான் இருந்தது. அதுதான் என்னைப் புரட்டியெடுத்தது. கழுவுகிற தொட்டியில் போய் வாந்தி எடுத்தேன். அவள் வாயில் ஏற்கெனவே ஒரு துண்டு போயிருந்தது அக்கா. அந்தப் பாலைத்தான் என் மகள் குடித்தாள்.

இது முழுசும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். கூட யாரும் இல்லை. டீயில் ரொட்டியை நனைத்து நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கியதைப் பார்த்துவிட்டு அவள் என்னைக் கேட்டாள், "ஏன் சார், ரொட்டில ஏதாச்சும் இருக்கா?"

எனக்கு வாய் இருக்கிறது. பேசித்தான் சம்பளம் வாங்குகிறேன். "ஒண்ணும் இல்லம்மா, இவங்களுக்கு ஒத்துக்காது" என்றேன். அவள், "அப்படின்னா அதையும் எனக்கே குடுத்துடுங்களேன், வீணாப் போகுது" என்றாள். கையை நீட்டினாள்.

கொடுத்தேன் அக்கா.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தம்பி

*

மார்ச் 12

தம்பிக்கு,

மகள் பிறந்ததற்குச் சந்தோஷம். தாய்க்கு வெந்நீரில் ஒத்தடம் கொடு. கால் வீக்கம் வடிந்ததா என்று நீ எழுதவே இல்லை. வெளியிலிருந்து எதுவும் வாங்கிக் கொடுக்காதே, வீட்டில் நீயே சமைத்து எடுத்துக்கொண்டு போ. சமைக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள். நாய் பூனைக்கெல்லாம் அர்த்தம் படித்தவன்தானே.

அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நீ கொடுத்த துண்டைப்பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னைத் திட்டி நாலு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். திட்டினால் உனக்கு ஆறுதலாகிவிடும், அக்கா திட்டிவிட்டாள், கணக்குத் தீர்ந்தது என்று போய்ப் படுத்துவிடுவாய். அதனால் திட்டவில்லை. அவளும் யாருக்கோ அக்காவாக இருப்பாள். அவ்வளவுதான் சொல்வேன்.

விசாரணை என்றைக்கு?

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். கூட்டியும் குறைத்தும் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் அந்த அம்மாவும் ஒரு குமாஸ்தாவும். இந்தப்பக்கம் முதலாளி, நடுவில் நான். அவர்களிடம் மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லையாம், என்னையே வைத்துக்கொண்டார்கள். உள்ளே போகுமுன் முதலாளி என் தோளில் கை போட்டு, நாம் ஒரே டீம் என்றார். சென்ட் வாசனை. அதற்கடியில் எனக்கு அந்த மாவு அறை நாற்றம் அடித்தது.

முதல் பாதி அவர் நினைத்தபடிதான் போனது. எலியே கிடையாது, பார்த்தது ஒன்றே ஒன்று, அதுவும் அந்தப் பெண் கொண்டுவந்து போட்டது. நானும், "ஐயா சொல்றாரு, ஐயா சொல்றாரு" என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா விடாமல் கேட்டார்கள். இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் எதற்குத் தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளவேண்டும் என்றார்கள். அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். முதலாளிக்கு முகம் சிவந்து, பொறுமை போய்விட்டது. மேசையில் தட்டி, "பிகாஸ் ஷி இஸ் எ ரேட்" என்றார்.

நான் தமிழில் சொல்லுமுன்பே அந்த அம்மாவுக்கு அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது.

"எலின்னு ஏதோ சொன்னாரே?"

"ஆமாம்மா. அந்தப் பொம்பளை ஒரு எலின்னு சொன்னாரு."

"மனுஷியப் போய் எலிங்கிறாரு. திட்டுறாரா?"

இங்கே நான் "ஆமா, திட்டுறாரு" என்று தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அன்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், அர்த்தத்தை விட்டேன். இன்று அர்த்தம் எனக்குத் தெரியும், நான்தான் உட்கார்ந்து படித்திருக்கிறேனே.

"இங்கிலீஷ்ல அதுக்கு வேற அர்த்தம்மா. கூட இருந்துட்டு உள்ள நடக்கிறதை வெளிய போய்ச் சொல்றவங்களை எலின்னு சொல்வாங்க. காட்டிக்கொடுத்துட்டாங்கன்னு ஐயா சொல்றாரு."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

"இவ்வளவு நேரமா உள்ள ஒண்ணுமே இல்லைன்னாரு. ஒண்ணும் இல்லைன்னா அந்தம்மா எதைக் காட்டிக்கொடுத்தாங்களாம்? கேளுங்க."

கேட்டேன். முதலாளி என்னை முறைத்தார். நீ என்ன சொன்னாய் அவர்களிடம் என்றார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன். அவர் அவசரமாக, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, அது சும்மா எலி, வெறும் எலிதான் என்றார்.

"காட்டிக்கொடுக்கிற எலி இல்லையாம்மா. சும்மா எலியாம்."

"எந்த எலி?" என்றார்கள் அந்த அம்மா.

அதையும் அவரிடம் கேட்டேன், அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். "அவர் கெடக்கட்டும். நீங்க அந்த ரூமைப் பாத்தீங்களா?"

மொழிபெயர்க்கிறவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அக்கா. வாய் பழக்கத்தில் "ஐயா" என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன்.

"பாத்தேம்மா. வாசல்ல நின்னு பாத்தேன். கூடு இருந்துச்சு. குஞ்சு இருந்துச்சு. மேல உள்ள மாவைச் சலிச்சு எடுத்துக்கச் சொல்லி நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். அவர் சொன்னாரு, நான் சொன்னேன். அந்த ரொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகுது, இன்னைக்குக் காலைலயும் போச்சு."

"அப்ப அந்தம்மா டப்பால கொண்டுவந்ததுங்கிறது?"

"பொய். அப்புறம்மா, அவங்க அந்தம்மா இல்லை. எங்க அக்கா."

குமாஸ்தாவைப் பார்த்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வெளியே வந்ததும் முதலாளி என்னை விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். நான் பஸ்ஸில் வந்தேன். வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணைத் தேடினேன். எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டாளாம். விலாசம் கேட்டேன். பேர் என்ன என்று நர்ஸ் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.

உன் தம்பி

*

மார்ச் 26

தம்பிக்கு,

நீ எழுதியதை உன் மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "எந்த எலி?" என்ற இடத்தில் மனிதர் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றேன்.

ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று பேக்கிங் பெண் ஃபோனில் சொன்னாள். எத்தனை பேர் வேலை போனது என்று சொல்லி அழுதாள். அழுதுகொண்டே, "உங்க தம்பி தெருவுல போனா எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிறாங்கக்கா, எலி போகுது எலி போகுதுன்னு சொல்றாங்க" என்றாள். நீ எனக்கு எழுதாமல் மறைத்தது இதைத்தானே. புழுக்கையைச் சலித்த கையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அவர்களை நினைத்தாலும் குமட்டுகிறது, அவர்கள் வீட்டு அடுப்பை நினைத்தால் திட்டவும் வாய் வரவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்தச் சொல்லுக்கு இனி நீ யாருக்கும் அர்த்தம் சொல்லவேண்டியதில்லை. நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது.

இங்கே அந்த ரொட்டிக் கடைக்காரர் நேற்று ஆள் அனுப்பினார். திங்கட்கிழமையிலிருந்து வரச்சொல்லியிருக்கிறார். முதல் வேலையாக மாவு மூட்டைகளை நகர்த்திப் பார்ப்பேன், அதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சம்மதமாம். பார்ப்போம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. இந்தம்மா என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, எங்க அக்கா என்று சொன்னதும் இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறது. எது போகும் எது இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. முன்னறையில் ஒரு கட்டில்தான், நாங்கள் தரையில் படுத்துக்கொள்கிறோம். நீ எலி, நானும் எலி, உன் மகளைக் குட்டி எலி என்று நான் கூப்பிட்டால் உன் மனைவி கோபித்துக்கொள்ளக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவை.

வெறுங்கையோடு வரக்கூடாது என்று வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே.

அக்கா